சந்தில் நட்ட கோனோகார்பஸை என்ன செய்வது?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30-க்கு 40 சைட்டில் ஒரு மாடி வைத்த வீடு எங்களுடையது. தெற்கே ஒரு பெரியவரின் பழைய தரைத்தள வீடு. அதற்கு அப்பால் ஒரு பி.ஜி. விடுதி மூன்று மாடிக்கு எழும்பியது. அங்கிருந்து பார்த்தால் எங்கள் சமையலறையும் மாடி பால்கனியும் அப்படியே தெரிந்தன. நர்சரியில் சொன்னதைக் கேட்டு, காம்பவுண்டை ஒட்டிய மூன்றடிச் சந்தில் 14 கோனோகார்பஸ் கன்றுகளை நட்டோம். மூன்று வருஷத்தில் 20 அடி வளர்ந்துவிட்டன. இப்போது காம்பவுண்டு சுவரில் விரிசல். வீட்டு அஸ்திவாரத்துக்கும் ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது. தெற்கு அறை பகலிலேயே இருட்டு, சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. பக்கத்து வீட்டு அங்கிள் தன் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வதற்கு எங்கள் செடிதான் காரணம் என்கிறார். மகனுக்கு இரவில் இருமல். தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, அதாவது சம்பைக் கழுவ வந்தவர் உள்ளே முடி மாதிரி வேர் தொங்குவதாகச் சொன்னார். ஆறடிக்கு வெட்டி வைத்துக்கொண்டால் போதாதா? பச்சை மரத்தை வெட்டுவது பாவம், ஆக்சிஜன் தருகிறதே என்கிறார் என் கணவர்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எடுத்துவிடுங்கள், 14-ஐயும். ஆனால் இந்த வாரமே ஆளைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லாதீர்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலைகள் இருக்கின்றன. முதல் வேலை சம்ப்.

காம்பவுண்டு விரிசல் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். சம்புக்குள் வேர் தொங்குவதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் கவலையாக இருக்கிறது.

வேர் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எங்கே ஈரம் கசிகிறதோ அங்கே மெல்லிய வேர்கள் கூடும். ஒரு மயிரிழை இடைவெளி கிடைத்தால் உள்ளே நுழையும். நுழைந்த பிறகு தடித்து, அந்த இடைவெளியைப் பெரிதாக்கும். பெங்களூரில் நிறைய சம்புகள் சாலிட் பிளாக் வைத்துக் கட்டி உள்ளே பூசியவை. மேல் ஸ்லாபும் சுவரும் சேரும் இடம், தண்ணீர்க் குழாய் உள்ளே வரும் துளை, இந்த இரண்டும்தான் பலவீனமான இடங்கள். உங்கள் சம்பில் வேர் தெரிகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போவது ஒரு நஷ்டம். அதைவிட மோசம், சம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் வெளியே மண்ணில் இருக்கும் அழுக்கு நீர் உள்ளே வருவது. காவிரித் தண்ணீர் தினமும் வராத ஏரியாவில் சம்ப் பாதி நாள் பாதிக்குக் கீழேதானே இருக்கும்? பல 30-க்கு 40 வீடுகளில் கழிவுநீர் சேம்பரும் சம்பிலிருந்து சில அடி தள்ளித்தான் இருக்கும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவே ஒரு சோதனை செய்யலாம். தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடி, மோட்டாரைப் போடாமல், சம்பின் உட்சுவரில் நீர்மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். காலையில் பாருங்கள். மூடி போட்ட சம்பில் ஒரே இரவில் மட்டம் இறங்கியிருந்தால் கசிவுதான், வேறு காரணம் தேட வேண்டாம். இறங்கவில்லை என்றால் ஓட்டை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கலாம். அதனால் சம்ப் நிறைந்திருக்கும்போது இன்னொரு முறையும் பாருங்கள். முடிவு எதுவானாலும், சம்ப் பழுது பார்க்கப்படும்வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்கும் கொடுங்கள்.

தொங்கும் வேரைப் பிடித்து இழுக்க வேண்டாம். இழுத்தால் பூச்சோடு பெயர்ந்து வரும். சுவரோடு ஒட்ட நறுக்கிவிட்டால் இப்போதைக்குப் போதும். வாட்டர்புரூஃபிங் செய்கிறவரை மரங்களை எடுத்த பிறகு கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். மரம் இருக்கும்போதே பூசினால் அடுத்த வருஷமும் அதே வேலை. அப்புறம், வேரைச் சாகடிக்கக் கல்லுப்பு, மயில்துத்தம், மண்ணெண்ணெய், களைக்கொல்லி என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். குடிக்கும் தண்ணீர் நிற்கும் தொட்டிக்குப் பக்கத்தில் இதில் எதுவும் கூடாது.

அங்கிள் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பழைய வீடு என்கிறீர்கள். அந்தக் காலத்து வீடுகளில் கழிவுநீருக்குச் சுட்ட மண் குழாய்களைச் சிமென்ட் வைத்து இணைத்திருப்பார்கள். அந்த இணைப்புகள் காலப்போக்கில் கீறல் விடும். குழாய் முன்பே பழுதாகியிருந்தாலும் அதற்குள் போய் அடைத்துக்கொண்டிருப்பது உங்கள் வேராக இருக்கலாம். அடைப்பு எடுக்கும் ஆளை அழைத்து, வெளியே வருவது வேரா குப்பையா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். வேர் என்றால் செலவில் பாதியை அவர் கேட்பதற்கு முன் நீங்களே கொடுத்துவிடுங்கள். வயதானவர், உங்களிடம் நேரில் வந்து சொல்லியிருக்கிறார், இதுவரை எங்கும் புகார் கொடுக்கவில்லை. அந்த நல்லுறவு எந்த வேலியையும்விட உங்களுக்கு உபயோகமானது.

இங்கிலாந்தில் இது எந்த அளவுக்குப் போனது தெரியுமா? அங்கே லேலண்டி என்று ஒரு சைப்ரஸ் வகை. வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வளரும், என்றும் பசுமை. மறைவுக்காக வீட்டுக்கு வீடு நட்டார்கள். பக்கத்து வீட்டின் வெளிச்சம் போய், அண்டை அயலார் சண்டை முற்றி, கடைசியில் 2003-ல் வந்த ஒரு சட்டத்தில் உயரமான வேலிகளுக்கென்றே ஒரு பகுதி சேர்க்க வேண்டியதாயிற்று. 2 மீட்டருக்கு மேல் வளர்ந்த பசுமை வேலி அடுத்தவருக்கு இடைஞ்சல் என்றால், பேசிப் பார்த்தும் பலனில்லை என்றால், உள்ளாட்சியிடம் முறையிடலாம். அவர்கள் உயரத்தைக் குறைக்கச் சொல்லலாம், அடியோடு எடுக்கச் சொல்ல முடியாது. நமக்கு அப்படி வேலிக்கென்று தனிச் சட்டம் இல்லாததால் காம்பவுண்டுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நின்று பேசித் தீர்த்துக்கொள்வதுதான் நல்ல வழி.

அஸ்திவாரம். உங்கள் வீடு பில்லர் போட்டுக் கட்டியதாக இருந்தால், பில்லரின் அடிப்பீடமான ஃபுட்டிங் நாலைந்து அடிக்குக் கீழே இருக்கும். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள்தான் பரவும். மூன்று வயதுக் கோனோகார்பஸ் பில்லரைத் தூக்கிவிடாது, நிம்மதியாக இருங்கள். ராமமூர்த்தி நகர்ப் பக்கம் செம்மண்ணாக இருந்தால், மரத்தை எடுத்த பின் மண் ஊதி வீடு வெடிக்குமோ என்ற பயமும் தேவையில்லை. அது களிமண்ணில் வரும் பிரச்சினை. உங்கள் லேஅவுட் பழைய ஏரி நிலத்தில் போட்டது என்று யாராவது சொன்னால் மட்டும் ஒரு கட்டட இன்ஜினியரிடம் காட்டிவிட்டு வெட்டுங்கள்.

காம்பவுண்டு சுவரின் கதை வேறு. அதன் கல் அஸ்திவாரம் ஒன்றரை இரண்டு அடி ஆழம் இருந்தால் அதிகம். சுவரை ஒட்டி நட்ட தண்டு பருக்கப் பருக்க அடியில் நெருக்கித் தள்ளும். விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால், சுவரும் கொஞ்சம் சாய்ந்திருந்தால், மரம்தான். காம்பவுண்டு வந்து வீட்டுச் சுவரில் முட்டும் மூலையில் நேர்கோடாக ஒரு விரிசல் மட்டும் என்றால் மரத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சுவரையும் கம்பி வைத்துப் பிணைக்காமல் கட்டினால் அந்த இடம் பிரியத்தான் செய்யும். சந்தேகமாக இருந்தால் விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். மேஸ்திரிகள் காலங்காலமாகச் செய்கிற வித்தைதான்.

இப்போது இருட்டு. தெற்குப் பக்கம் உயரமான பசுமை வேலி நம் ஊருக்குப் பொருத்தமே இல்லை. ஏப்ரல் 24 வாக்கில் பெங்களூரில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் 18 வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் தெற்கு வேலி நண்பகலில் உங்களுக்கு நிழலே தராது. டிசம்பர் கடைசியில் நேர் எதிர். நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அப்போது 20 அடி வேலியின் நிழல் 15 அடி தூரம் விழும். மூன்றடி தள்ளியிருக்கும் உங்கள் சுவரில் 16 அடி உயரம்வரை வெயிலே படாது. அதாவது தரைத்தளம் முழுக்க, மாடியில் பாதி. நிழல் வேண்டாத குளிர்காலத்தில் கொடுத்துவிட்டு, வேண்டிய மே மாதத்தில் கைவிடும் வேலி இது. இலை உதிர்க்கும் மரமாக இருந்தால் குளிர்காலத்தில் கொஞ்சமாவது வெளிச்சம் விட்டிருக்கும். இது விடாது. மழைக்காலத்தில் நனைந்த சுவர் வெயிலும் காற்றும் இல்லாமல் காயவில்லை, அதனால் பூஞ்சை. பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள், மரம் போன பிறகு சுவர் நன்றாகக் காயட்டும்.

மகனின் இருமலைப் பற்றிக் கேட்டீர்கள். குஜராத் அரசு 2023-ல் கோனோகார்பஸ் நடத் தடை விதித்தபோது, வேர்கள் குழாய்களையும் கேபிள்களையும் கெடுப்பதோடு, பூந்தூளால் சளி, இருமல், ஆஸ்துமா வரும் என்பதையும் காரணமாகச் சொன்னது. தமிழ்நாடு அரசும் 2025-ல் தடை கொண்டுவந்தது. பூந்தூள் விஷயத்தில் தாவரவியலாளர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் மகன் தெற்கு அறையில்தான் தூங்குகிறானா என்று முதலில் பாருங்கள். இரவு இருமலுக்கு வெளியே இருக்கும் பூவைவிடப் படுக்கைக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கும் பூஞ்சையைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அவனை வேறு அறையில் படுக்க வைத்துவிட்டு, குழந்தை மருத்துவரிடம் பூஞ்சையைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஆறடிக்கு வெட்டி வைத்துக்கொள்ளலாமா என்றால், செடி செத்துப்போகாது, அதுதான் சிக்கலே. லேலண்டியைப் பழைய கட்டைவரை வெட்டினால் அந்த இடத்தில் மறுபடி துளிர்க்காது. கோனோகார்பஸை எங்கே வெட்டினாலும் அங்கே நாலு துளிர் வரும். மழை மாதங்களில் ஆறு எட்டு வாரத்துக்கு ஒரு தடவை தோட்டக்காரர் வர வேண்டும். அவருடைய கூலியை ஒரு வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு தடவை தவறவிட்டால் பழைய உயரம். மேலே வெட்ட வெட்ட அடிப்பகுதி மொட்டையாகி, மறைக்க வேண்டிய இடத்திலேயே இடைவெளி தெரியும். உயரம் குறைந்தால் வேரின் வேகமும் ஓரளவு குறையும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சம்புக்குள் போன வேர் திரும்பி வந்துவிடாது. சோமாலியா, ஏமன் பக்கத்து வறண்ட கரைகளில் தண்ணீரைத் தேடிப் பிழைத்துப் பழகி, 60 அடிக்கு மேல் போகக்கூடிய மரம் இது. அதை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டு வேலி என்று பெயர் வைத்திருக்கிறோம். சீக்கிரம் வளர வேண்டும் என்று கேட்டு வாங்கினோம், அது தன் வேலையைச் செய்கிறது. எந்த நர்சரியிலும் வேகமாக வளரும் செடி மூன்றாம் வருஷத்தில் நின்றுகொள்ளும் என்று எழுதித் தர மாட்டார்கள்.

உங்கள் கணவரின் மனக்குறை எனக்குப் புரிகிறது. அவருக்காக வாசல் பக்கம், சம்பிலிருந்தும் குழாய்களிலிருந்தும் நன்றாகத் தள்ளி, ஒரு பவழமல்லி வையுங்கள். சின்ன மரம், நல்ல மணம், அடக்கமாக நிற்கும். மூச்சுவிட இடமில்லாத சந்தில் 14 மரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பதை மரத்துக்குச் செய்யும் புண்ணியம் என்று நான் நினைக்கவில்லை.

வெட்டுவதற்கு முன் அனுமதி. கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் நம் சொந்த மனைக்குள் இருக்கும் மரங்களுக்கும் பொருந்தும். சில வகைகளுக்கு விலக்கு உண்டு. உங்கள் பகுதிக்கான மாநகராட்சி மர அலுவலரிடம் போட்டோக்களோடு எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாலு பேர் பார்க்க 14 மரம் விழும்போது யாராவது போன் போடத்தான் செய்வார்கள்.

காலம் என்று பார்த்தால் ஜனவரி முதல் மார்ச்வரை நல்லது. மழையில் மண் இளகியிருக்கும்போது வேரைத் தோண்டினால் விரிசல் விட்ட சுவர் அப்படியே சாயும். ஏப்ரல், மே மாதச் சூறைக்காற்றுக்கு முன்னால் மேல் பாரத்தை இறக்கிவிடுவதும் நல்லதுதான். அனுமதி வந்ததும் சம்புக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று நாலு மரங்களில் ஆரம்பியுங்கள். மேலிருந்து துண்டு துண்டாக இறக்கச் சொல்லுங்கள், அங்கிள் வீட்டுக் கூரைப் பக்கம் சாய்க்கக் கூடாது. அடிக்கட்டையைக் கடப்பாரை வைத்துத் தோண்டி எடுக்க வேண்டும். ஜே.சி.பி. அந்தச் சந்துக்குள் வராது, வந்தாலும் வேண்டாம். சுவரோடு ஒட்டி, தோண்ட முடியாத கட்டை ஒன்றிரண்டு இருந்தால் தரை மட்டத்தில் அறுத்துவிட்டு, துளிர் வரும்போதெல்லாம் உடனே கிள்ளுங்கள். இலையே விடாமல் பார்த்துக்கொண்டால் ஓரிரு வருஷத்தில் ஓய்ந்துவிடும். பள்ளங்களை அடுக்கடுக்காக மண் போட்டுத் திமிசு அடித்து மூடச் சொல்லுங்கள்.

சரி, பி.ஜி.யிலிருந்து வரும் பார்வைக்கு என்ன வழி? நீங்கள் மறைக்க வேண்டியது இரண்டே இடம், ஒரு சமையலறை ஜன்னல், ஒரு பால்கனி. அதற்காக ஒரு பக்கம் முழுக்க 20 அடிக்கு மரம் எழுப்பத் தேவையே இல்லை. பி.ஜி. 40 அடி தள்ளி இருக்கிறது என்றும், அங்கே ஒருவர் 30 அடி உயரத்தில் நின்று பார்க்கிறார் என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் ஜன்னலின் மேல்விளிம்பு ஏழரை அடி என்றால், மூன்றடி தள்ளி ஒன்பதேகால் அடிக்கு ஒரு மறைப்பு இருந்தாலே ஜன்னல் தெரியாது. ஜன்னலுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோமோ அவ்வளவு உயரம் குறையும்.

அதனால் ஜன்னலுக்கு முன்னால் மட்டும், அதன் அகலத்தைவிட இரண்டிரண்டு அடி கூடுதலாக, ஜி.ஐ. ஃபிரேமில் வலை அடித்து நிறுத்துங்கள். மரம் வெட்டும் அன்றே நிறுத்திவிடலாம். கொடி ஏறும்வரை அதில் பச்சை நிழல்வலை கட்டிக்கொள்ளுங்கள். ஜூன் மழையில் சங்குப்பூவும் முல்லையும் வையுங்கள். சங்குப்பூ சீக்கிரம் மூடும், முல்லை மெதுவாக வந்து பிறகு நிலைக்கும். ரங்கூன் மல்லி வேண்டாம், பாரம் தாங்காமல் ஃபிரேமைச் சாய்த்துவிடும். பால்கனிக்கு மூங்கில் திரைதான் என் விருப்பம். வேண்டும்போது சுருட்டிக்கொள்ளலாம், குளிர்கால வெயிலும் கிடைக்கும். அப்படியே பி.ஜி. உரிமையாளரையும் ஒரு தடவை பார்த்து, அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்கு மங்கல் ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்தவர் சமையலறையைப் பார்க்கிற மாதிரி ஜன்னல் வைத்தவருக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு.

சந்து வெறுமையாக இருக்கிறதே என்று தோன்றினால், சம்பிலிருந்து தள்ளிய பகுதியில் மூன்றடிக்கு ஒன்றாகச் செம்பருத்தி வைக்கலாம். மாவுப்பூச்சி வரும், வாரம் ஒரு தடவை இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கும். ஆடாதோடையும் மருதாணியும்கூடச் சொன்னபடி கேட்கும் செடிகள். மறுபடி நர்சரிக்குப் போகும்போது அவர்கள் ஃபைகஸ், தங்க மூங்கில், நெட்டிலிங்கம் என்று காட்டுவார்கள். மூன்றடிச் சந்துக்கு மூன்றும் ஆகாது. அரளி அழகுதான், ஆனால் இலை முதல் வேர்வரை விஷம், சின்னப் பையன் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

வெட்டிய கிளைகளை எடுத்துப் போகவும் சேர்த்தே கூலி பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவ்வளவும் பக்கத்துக் காலி சைட்டில் போய் விழும், குப்பை வண்டிக்காரர் அதைத் தொட மாட்டார்.